அம்மாவின் பால் அட்டையும் லாசரஸும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

பிரான்சு நாட்டின் ரூவான் நகரில், 1642ஆம் ஆண்டில், இருபது வயதுகூட நிரம்பாத இளைஞன் ஒருவன் இருந்தான். அவனுடைய தந்தை வரி அலுவலர். நாள்தோறும் நீண்ட வரிக்கணக்குகளைக் கூட்டியும் கழித்தும் தந்தை படும் பாட்டை அவன் கண்டான். பற்சக்கரங்களைக் கொண்டு கூட்டல், கழித்தல் செய்யும் இயந்திரம் ஒன்றை அமைக்கத் தொடங்கினான். அவன்தான் பிற்காலத்தில் கணித மேதையாகப் புகழ்பெற்ற பிளேஸ் பாஸ்கல். உலகில் கணக்கிடும் கருவிகளின் வரலாறு வீட்டில் உள்ளவரின் சுமையைக் குறைக்க எண்ணிய ஒரு பிள்ளையின் அன்பையும் தன்னுள் கொண்டது என்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது.

அந்த மேதையின் பெயரையே ஒரு கணினி மொழிக்குச் சூட்டினார் சுவிட்சர்லாந்து நாட்டுப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த். சூரிக் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியபோது, 1970இல் பாஸ்கல் மொழியை வெளியிட்டார். மாணவர்களுக்கு ஒழுங்காகவும் தெளிவாகவும் நிரல் எழுதக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருது 1984இல் அவருக்குக் கிடைத்தது. 2024 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். அவர் வகுத்த மொழி மட்டும் இன்றும் வாழ்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் அது வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். கொட்டகையில் அவை இருப்பதால்தான் கல்லூரியில் நான் இருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையன்று. அம்மா காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றுவார்கள். எத்தனை லிட்டர், பால்மானி காட்டிய அளவு என்ன, கொழுப்பு எவ்வளவு என்று பால் அட்டையில் குறித்துக் கொடுப்பார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா. ஒரே அளவு பால் ஊற்றிய இரண்டு நாள்களில் தொகை மட்டும் ஏன் வேறுபடுகிறது என்று அம்மாவுக்குப் புரியாது. கேட்கவும் கூச்சம். "எழுதுறவங்க சரியாத்தான் எழுதுவாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். அந்தச் சொல்லில் நம்பிக்கை பாதி, இயலாமை பாதி. அந்த இரண்டாவது பாதிதான் என்னை உறுத்தியது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையன்று. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பதினைந்து நாளைக்கு முப்பது கணக்கு. ஒவ்வொன்றிலும் நான்கைந்து பெருக்கல். கையால் போட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும். அக்காளுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் லினக்ஸ் இயங்கியது. துணைப்பாடமாகச் சி மொழியில் அரிச்சுவடி படித்திருந்தேன். ஆனால் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும் நிரலை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது? பெட்டிகளும் பொத்தான்களும் உள்ள ஒரு சாளரம் அல்லவா வேண்டும்!

கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். அவர் தம் மாணவப் பருவத்தில் டர்போ பாஸ்கலில் பயின்றவர். "லாசரஸ் என்று ஒன்று இருக்கிறது. விலை கிடையாது, மூலநிரல் எல்லார்க்கும் திறந்தது. பழைய கணினியிலும் ஓடும். போட்டுப் பாருங்கள்" என்றார். நம் பேராசிரியர்கள் மாணவனை "பாருங்கள்" என்று பன்மையில் அழைக்கும்போது, அந்த வேலையை முடித்தே தீர வேண்டும் என்ற பொறுப்பு வந்துவிடுகிறது.

பெயரைக் கேட்டதும் வியப்பாக இருந்தது. விவிலியத்தில் இறந்து நான்கு நாள்களுக்குப் பின் உயிர்த்தெழுந்த லாசருவின் பெயர் அது. காரணத்தைத் தேடிப் படித்தேன். டர்போ பாஸ்கல் 1983இல் போர்லாண்டு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதன் வழியில் 1995இல் டெல்பி வந்தது. பொத்தானைச் சாளரத்தில் வைத்து, அதற்குரிய செயலைப் பின்னால் எழுதும் எளிய முறையை டெல்பி பரப்பியது. ஆனால் அது விலைக்கு விற்கப்பட்ட பொருள். இதற்கிடையே 1993இல் ஃபுளோரியன் கிளெம்ப்ஃல் என்னும் மாணவர் தாமாகவே ஒரு பாஸ்கல் தொகுப்பானை எழுதத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஃப்ரீ பாஸ்கல் ஆயிற்று. டெல்பி போன்ற வசதியைக் கட்டணமின்றித் தர மெகிடோ என்று ஒரு முயற்சி நடந்து, இடையிலேயே கைவிடப்பட்டது. அந்தச் சாம்பலிலிருந்து 1999இல் மூவர் கூடி மீண்டும் தொடங்கியதே லாசரஸ். அதன் 1.0 பதிப்பு 2012 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. பதின்மூன்று ஆண்டுப் பொறுமை! பெயர்ப்பொருத்தம் என்றால் இதுவல்லவோ பெயர்ப்பொருத்தம்!

நிறுவுவதில் தொல்லை இல்லை. லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே அது இருந்தது. திறந்து பார்த்தபோதுதான் திகைப்பு. ஒரு சாளரத்தை எதிர்பார்த்தால், திரையெங்கும் தனித்தனியாக ஐந்து சாளரங்கள் மிதந்தன! திருவிழாக் கூட்டத்தில் கைவிடப்பட்ட குழந்தை போல் சற்றுநேரம் விழித்தேன். பிறகு ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துகொண்டேன்.

மேலே நீளமாக இருப்பது தலைமைச் சாளரம். பொத்தான், எழுத்துப் பெட்டி, பெயர்ப்பட்டை முதலிய உறுப்புகள் அதில் கடைவீதிப் பொருள்களைப்போல் வரிசையாக இருக்கும். இடப்பக்கம் உள்ளது ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டர். பெயர் ஏதோ காவல்துறை அதிகாரியைப்போல் இருந்தாலும் வேலை என்னவோ சாந்தமானதுதான். தேர்ந்தெடுத்த உறுப்பின் நிறம், அகலம், தலைப்பு போன்ற பண்புகளைக் காட்டி, மாற்றவும் இடம் தரும். நடுவில் புள்ளிகள் நிறைந்த வெற்றுச் சாளரம்; இதற்குப் பெயர் ஃபார்ம். கோலம் போடுமுன் வாசலில் புள்ளி வைத்ததுபோல் அது இருக்கும். அதன் பின்னால் நிரல் எழுதும் பலகை. கீழே செய்திகள் வரும் சாளரம். எஃப் 12 என்னும் விசையை அழுத்தினால் ஃபார்முக்கும் நிரலுக்கும் மாறி மாறிச் செல்லலாம். எஃப் 9 அழுத்தினால் நிரல் தொகுக்கப்பட்டு ஓடும். இந்த இரண்டு விசைகளையும் அறிந்துகொண்டவனுக்குப் பாதி பயம் தெளிந்துவிடும்.

ஒரு வரிகூட எழுதாமல் எஃப் 9 அழுத்திப் பார்த்தேன். வெற்றுச் சாளரம் ஒன்று தனியே எழுந்து நின்றது. அதை நகர்த்தலாம், சுருக்கலாம், மூடலாம். நான் எழுதாத நிரல் எங்கிருந்து வந்தது என்று பலகையைப் பார்த்தால், தேவையான வரிகளை லாசரஸ் தானே எழுதி வைத்திருந்தது. பொத்தான் ஒன்றை ஃபார்மில் வைத்து அதன்மேல் இருமுறை சொடுக்கினால், பொத்தானை அழுத்தும்போது நடக்க வேண்டிய செயலுக்கு ஒரு கூடு தானே உருவாகிறது. "பிகின்" என்றும் "எண்ட்" என்றும் இரண்டு சொற்கள். நடுவில் நாம் எழுத வேண்டியது மட்டும் நம் வேலை. வகுப்பில் படித்த நிரல்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடிபவை. இதுவோ கடை திறந்து வைத்துவிட்டு வாடிக்கையாளர் வருகைக்குக் காத்திருக்கும் வணிகரைப் போன்றது. பொத்தானை எவர் எப்போது அழுத்துகிறாரோ அப்போது எழுந்து பணிசெய்யும். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்தபின் மற்றவை எளிதாயின.

மொழியிலும் சில வழக்கங்கள் புதியவை. ஒரு மாறிக்கு மதிப்பைக் கொடுக்க, முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := என்ற குறியை இடவேண்டும். வெறும் சமக்குறி ஒப்பிடுவதற்கு மட்டுமே. கணிதம் படிப்பவனுக்கு இது மனநிறைவு தரும் செய்தி. "க சமம் க கூட்டல் ஒன்று" என்று வேறு மொழிகள் எழுதும்போதெல்லாம் என் மனம் அதை மறுத்துக்கொண்டே இருந்தது. பாஸ்கலில் அந்தச் சங்கடம் இல்லை.

பிழைச் செய்திகள் எப்படி இருக்கும் என்று அறிய, வேண்டுமென்றே ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளியை நீக்கிவிட்டுத் தொகுத்துப் பார்த்தேன். கீழுள்ள சாளரத்தில் வரி எண்ணோடு செய்தி வந்தது. ஆனால் அது சுட்டியது நான் நீக்கிய வரியை அன்று, அடுத்த வரியை! சிந்தித்தபோது காரணம் விளங்கிற்று. அரைப்புள்ளி இல்லை என்பது, அடுத்த சொல்லைப் படிக்கும்போதுதானே தொகுப்பானுக்குத் தெரியவரும்? ஆகவே பிழை சுட்டப்பட்ட இடத்துக்கு ஒரு வரி முன்னேயும் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். இப்படி ஒவ்வொன்றாக நானே உடைத்துப் பார்த்து, வரும் செய்தியையும் அதன் பொருளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். இடப்பக்கம் ஆங்கிலச் செய்தி. வலப்பக்கம் தமிழ் விளக்கம். தமிழ்வழியில் படித்துவந்த எனக்கு அந்த நாற்பது பக்கக் குறிப்பேடு ஓர் அகராதியைவிட மேலான துணையாயிற்று. ஆங்கிலம் தெரியாததால் கணினி வராது என்று ஒதுங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: தொகுப்பான் அடிக்கடி பேசும் ஆங்கிலம் சில சொற்களுக்குள் அடங்கும். அதைக் கற்க ஒரு மாதம் போதும்.

இனி கணக்குக்கு வருவோம். பாலின் விலையை அதன் கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய மற்றத் திடப்பொருளையும் கொண்டு கணக்கிடுகிறார்கள். வழக்கிலுள்ள சூத்திரம் ஒன்று இது: திருத்திய பால்மானி அளவை நான்கால் வகுத்து, கொழுப்பு அளவில் கால் பங்கையும் 0.44 என்ற எண்ணையும் கூட்டினால் மற்றத் திடப்பொருளின் விழுக்காடு கிடைக்கும். பால்மானி அளவு 28, கொழுப்பு 4 என்றால், 7, 1, 0.44 ஆகியவை சேர்ந்து 8.44 விழுக்காடு. பால்மானி 28 என்பதன் பொருள், ஒரு லிட்டர் பாலின் எடை 1.028 கிலோ என்பதாகும். ஆறு லிட்டருக்கு 6.168 கிலோ. இதில் கொழுப்பு எத்தனை கிலோ, மற்றத் திடப்பொருள் எத்தனை கிலோ என்று கண்டு, ஒவ்வொன்றையும் அதனதன் கிலோ விலையால் பெருக்கிக் கூட்டினால் தொகை வந்துவிடும். இச்சூத்திரத்தின் மாறிலிகள் இடத்துக்கு இடம் சற்று வேறுபடும் என்பதால், நிரல் எழுதுமுன் சங்கத்துக்குச் சென்று, அங்கே எந்த எண்களைக் கையாளுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். விலை விகிதம் அவ்வப்போது மாறும். ஆகவே அதை நிரலுக்குள் புதைக்காமல் ஃபார்மில் தனிப் பெட்டிகளில் இட்டேன்.

இரண்டு செய்திகளைப் புதிதாகத் தொடங்குவோருக்குச் சொல்லியாக வேண்டும். எழுத்துப் பெட்டியில் தட்டுவது எண்போலத் தோன்றினாலும் அது எழுத்துத்தான். அதை எண்ணாக மாற்றியே கணக்கிட வேண்டும். பெட்டி வெறுமையாக இருந்தால் சாதாரண மாற்றுக் கட்டளை மறுத்து நின்றுவிடும். "ட்ரை" என்று தொடங்கும் கட்டளையோ முயன்று பார்த்து, முடிந்ததா இல்லையா என்று பணிவாகச் சொல்லும். வயதானவர்கள் கையாளப்போகும் நிரலுக்கு இந்தப் பணிவு மிகவும் தேவை. அடுத்து, பணத்துக்குக் "கரன்சி" என்ற தனி வகையே பாஸ்கலில் இருக்கிறது. அது தொகையைப் பத்தாயிரத்தால் பெருக்கிய முழு எண்ணாக உள்ளே வைத்துக்கொள்வதால், பைசாவில் தசமப் பிசகு நுழையாது.

தமிழைப் பொறுத்தவரையில் லாசரஸ் என்னை மகிழ்வித்தது. "பால்மானி அளவு", "கொழுப்பு", "தொகை" என்று பெயர்ப்பட்டைகளில் தமிழிலேயே தட்டினேன். அப்படியே திரையில் நின்றன. ஒரு வேடிக்கையும் கண்டேன். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று நிரலைக் கேட்டால் 15 என்றது! நமக்கோ த, மி, ழ் என மூன்றே எழுத்து. யூனிகோடு முறையில் இகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆகக் குறிகள் ஐந்து. ஒவ்வொரு குறியும் கணினியின் உள்ளே மூன்று பைட்டுகள்; ஆகப் பதினைந்து. குறிகளை மட்டும் எண்ணும் கட்டளை தனியே உண்டு. அது 5 என்று சொல்லும். மூன்று என்று சொல்லவேண்டுமானால் தொல்காப்பியம் அறிந்த நாம்தான் நிரல் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்த்துறை நண்பர்களே, இதோ உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது!

நிரல் முடிந்தது. ஒரு பட்டுவாடாவுக்குரிய முப்பது வேளைக் கணக்கையும், அம்மா அட்டையைப் படிக்க, நான் தட்டினேன். ஒவ்வொன்றையும் பட்டியலில் உள்ள தொகையோடு ஒப்பிட்டோம். இருபத்தொன்பது வேளை பைசாவரை பொருந்தின. ஒரு காலை வேளை மட்டும் பதினேழு ரூபாய்ச் சொச்சம் குறைந்தது. அட்டையில் கொழுப்பு 4.3 என்று இருந்தது. எந்த எண்ணைப் போட்டால் பட்டியல் தொகை வரும் என்று மாற்றி மாற்றித் தட்டினேன். 3.4 என்று தட்டியவுடன் அதே தொகை வந்து நின்றது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன! "அடடே!" என்றார்கள் அம்மா.

மறுநாள் காலை பால் ஊற்றப் போகும்போது நானும் உடன் சென்றேன். நான் பேச வாயெடுக்குமுன் அம்மாவே அட்டையை நீட்டி, "இதுல நாலு மூணுன்னு இருக்குதுங்க, பட்டியல்ல மூணு நாலுன்னு போட்டிருக்குது போல. கொஞ்சம் பாருங்களேன்" என்றார்கள். அங்கிருந்தவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஆமாங்கம்மா, மாறித்தான் விழுந்திருக்கு" என்று சொல்லி, அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுத்தார். சச்சரவு இல்லை, குரல் உயரவில்லை. பதினேழு ரூபாய் பெரிய தொகை அன்றுதான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அம்மா அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் முறை. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவை இல்லை என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

பிறகு பக்கத்து வீட்டார் இருவர் தங்கள் அட்டைகளோடு வந்தனர். அவர்கள் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. "எல்லாம் சரியா இருக்குதா? அப்பாடி!" என்று நிம்மதியோடு எழுந்து போனார்கள். பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று, சரியாக இருப்பதைச் சரி என்று அறிந்துகொள்வதும் ஓர் ஆதாயமே. ஐயம் நீங்கிய நம்பிக்கைக்குத்தான் நம்பிக்கை என்று பெயர்.

இன்னொன்றும் நடந்தது. முப்பது வேளைக் கணக்கையும் வரிசையாகப் பார்த்தபோது, மாலைப் பாலில் கொழுப்புச் சற்று அதிகம் என்று தெரிந்தது. பெரிய கண்டுபிடிப்பாக அம்மாவிடம் சொன்னேன். "அது தெரியாதா? ராத்திரி முழுக்க மடியில நிக்கிற பாலு தண்ணியாத்தான் இருக்கும், சாயங்காலப் பாலு கெட்டி" என்றார்கள். கறவைக்கு இடையே நேரம் கூடினால் பாலின் அளவு கூடிக் கொழுப்பு விழுக்காடு குறையும் என்று பால்வள நூல்களும் சொல்கின்றன. என் நிரல் ஒரு மாதத்தில் கண்டதை அம்மா எந்த நிரலுமின்றி அறிந்திருக்கிறார்கள். கணினி கற்பவனுக்குத் தலைக்கனம் ஏறாமல் காக்க இப்படி ஓர் அம்மா வேண்டும்.

நண்பர்களே! லாசரஸை நான் முழுதும் கற்றுவிட்டேன் என்று சொல்லவில்லை. அதன் உறுப்புப் பட்டியலில் நான் தொடாதவை எத்தனையோ. ஆனால் தொடங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தெரியும். தொடங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள்: முதல் நாளே ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கோப்புறை வைத்துச் சேமியுங்கள், ஒரு நிரலுக்குப் பல கோப்புகள் உண்டாகும், அவை கலந்தால் குழப்பம். தொகுத்த கோப்பின் பருமனைக் கண்டு மலைக்க வேண்டாம்; பிழை தேடுவதற்கான தகவல்களும் அதில் அடங்கியுள்ளன, அவற்றை நீக்கும்படி அமைத்தால் வெகுவாக இளைத்துவிடும். வீட்டில் லினக்ஸில் எழுதிய நிரலை நம் ஆய்வகத்து விண்டோஸ் கணினியில் மறுபடி தொகுத்தேன்; ஒரு வரிகூட மாற்றவேண்டியிருக்கவில்லை. இத்தனைக்கும் ஒரு காசு செலவில்லை. நாடு நாடாகப் பரந்து வாழும் எவரெவரோ தம் ஓய்வு நேரத்தை ஈந்து எழுதிய மென்பொருள் இது. அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி, அதைப் பயன்படுத்தி நம்மவர்க்கு ஒரு நன்மை செய்வதே.

எல்லாவற்றினும் முதன்மையானது இது: பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் எந்தக் கணக்கு யாரை அச்சுறுத்துகிறது என்று பாருங்கள். தறிக்காரர் வீட்டில் கூலிக் கணக்கு இருக்கும்; கடைக்காரர் வீட்டில் பற்றுவரவு இருக்கும்; மகளிர் குழுவில் வட்டிக் கணக்கு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். தேவை ஆசிரியராக அமர்ந்தால் பாடம் தானே நடக்கும். இப்போதெல்லாம் பட்டுவாடா நாளில் மடிக்கணினியைத் திறப்பது நான் அல்லேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் எண்களைத் தட்டி, "தொகை" என்ற பொத்தானை அம்மாவே அழுத்துகிறார்கள்.